உள்ளங்கை அகலத் தட்டு

ஏழாவது முறையாக அனுப்பினாள்.

'சேரவில்லை' என்றது திரை.

புயல் திசை மாறிவிட்டது. கரையிலிருந்து செய்தி போனதும் மூன்று விசைப்படகுகள் திரும்பிவிட்டன. நான்காவதிலிருந்து மட்டும் பதில் இல்லை. அதில் பதினோரு பேர். வயர்லெஸ் எட்டாத தூரம்.

அந்தப் படகின் கூரையில் இருப்பது அவள் வடிவமைத்த, செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கும் ஆன்டெனா.

பெரிய தட்டு ஒன்று. அதன் எதிரே, அலையைத் திருப்பிவிடும் சின்னத் தட்டு ஒன்று. படகுக்கு இது பெரிசு என்றார்கள். அதற்கென்ன, எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பாதியாக்கினாள். அலை நேர்கோட்டில் போகும் என்று வைத்துப் போட்ட பழைய கணக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். தட்டுகள் பெரிதாக இருந்தவரை அது சரிதான்.

தட்டு சிறுத்தது. அலை சிறுக்குமா?

உள்ளங்கை அகலமாகிவிட்ட அந்தச் சின்னத் தட்டின் விளிம்பில் அலை வளைகிறது. வளைந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கவாட்டில் சிந்துகிறது. வெயில் நாளில் சிந்தியது போக மிச்சமே போதும். சோதித்துப் பார்த்ததெல்லாம் வெயிலில்தான். மழை வந்தால் அந்த மிச்சத்தையும் தின்றுவிடும்.

காலையில் முதல் 'சேரவில்லை' வந்தபோதுதான் இது உறைத்தது.

தெரிந்து என்ன பிரயோஜனம்? விளிம்பு நடுக்கடலில் இருக்கிறது. அவள் விரல்கள் இங்கே, விசைப்பலகையில். ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது.

எட்டாவது முறை.

சேரவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஜெனிபா. அந்தப் படகை ஓட்டும் ஆன்றோவின் மனைவி. விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தவள், 'படகுல இருக்குற ஆன்டெனாவைச் செஞ்சது இந்த மேடம்தான்' என்று யாரோ சொன்னதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு அழவே இல்லை.

அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

ஜெனிபா முந்திக்கொண்டாள்.

"நீங்க பயப்படாதீங்க மேடம். மாட்டுன அன்னைக்கே நீங்க அவருகிட்ட சொன்னீங்கல்லா, புயல்னா இதுல கண்டிப்பா செய்தி வரும்னு. அதையே பிடிச்சிக்கிட்டு இருக்காரு. மேகம் எவ்வளவு கறுத்தாலும், இதுல ஒண்ணும் வரல்லன்னா கடல் நல்லாத்தான் இருக்குன்னு வலைய இறக்கிருவாரு. அவ்வளவு நம்பிக்கை, உங்க மேல."