கிடங்குக்குள் சூரியன்

வெளியே நாதாங்கி விழுந்தது. அடுத்து பூட்டு மாட்டும் சத்தம். தோல் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த தமிழினி கதவருகே ஓடி, தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

கதவைத் தட்டினால் முதலாளி நிசார் பாயிடம் மாட்டிக்கொள்வாள். இதே ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் அம்மா மேகலாவின் பிழைப்பில் மண் விழும்.

இன்று சூரிய கிரகணம். அதை முழுதாக வரைந்து அனுப்பும் கல்லூரி மாணவர்களுக்குத்தான் மலைமேல் உள்ள வானாய்வகத்தில் பயிற்சிக்கு இடம். இருட்டும் நீளமும் சேர்ந்த இடமாக அவளுக்குக் கிடைத்தது இந்தத் தோல் கிடங்கு மட்டுமே. மேற்கு ஜன்னலைத் தோலால் மூடி, லேஸ் துளை போடும் கருவியால் அதில் ஓர் ஓட்டை போட்டிருந்தாள். எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியன் வந்து விழும்.

முந்தாநாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தபோது, லோடு ஏற்றும் ஹம்மாத் கதவைத் திறந்துவிட்டான். வெளிச்சம் புகுந்ததும் சுவரில் சூரியன் காணாமல் போனது. தமிழினி அழுதேவிட்டாள். ஹம்மாத்தின் பின்னால் நின்ற நிசார் பாய் சுவரையும் அவளையும் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

நேற்று அனுமதி கேட்டதற்கோ, "நாளைக்கு லோடு போவுது. இது கோடவுனா, ஸ்கூலாம்மா? போ, போ" என்று விரட்டினார். அதனால்தான் இன்று திருட்டுத்தனமாக நுழைந்தாள்.

திடீரென்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செருப்பு! தோலில் மண் படக்கூடாது என்று எல்லாரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவளும் பழக்கத்தில் அங்கேயே விட்டிருந்தாள்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். செருப்பு அங்கே இல்லை.

சுவரில் சந்திரன் சூரியனின் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கியது. அவள் வரைய ஆரம்பித்தாள்.

"பாய், லாரி வந்து நிக்குது. சாவி குடுங்க." ஹம்மாத்தின் குரல்.

"சாவி எங்க போய்டப் போவுது? பொறுடா."

"இன்னா பாய், டிரைவர் பேஜார் பண்றான். பூட்ட ஒடச்சிடட்டுமா?"

"பூட்ட ஒடச்சா உன் கைய ஒடப்பேன். போய் அவனுக்கு பிரியாணி வாங்கிக் குடு!"

"இப்பதான் பாய் துன்னான்!"

"இன்னொண்ணு துன்னட்டும்!"

பாய் இவ்வளவு கோபப்பட்டு அவள் கேட்டதே இல்லை. சாவி கிடைத்ததும் எல்லாரும் உள்ளே வருவார்கள். அத்தனை பேர் முன்னால் அம்மா தலைகுனிந்து நிற்பாள். 'கடவுளே, அம்மாவ மட்டும் காப்பாத்து' என்று முணுமுணுத்தபடி வரைந்தாள்.

சூரியன் பிறையாகத் தேய்ந்தது. பிறகு மெல்ல மெல்ல வளர்ந்து, மறுபடி வட்டமானது. கடைசிக் கோட்டை இழுத்ததும் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. தமிழினி கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பினாள்.

கதவு திறக்கவில்லை. அடியில் இருந்த இடைவெளி வழியாக அவளுடைய செருப்பு இரண்டும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பின்னாலேயே நிசார் பாயின் தாழ்ந்த குரல்.

"சூரியன் முழுசா ஆயிட்டுதாம்மா? தொறக்கலாமா?"