மூன்றாம் ஓலை

உபதேசியார் காய்ச்சலில் படுத்துவிட்டதால், கல்யாண ஓலை வாசிக்கிற வேலை ஜூடியின் தலையில் விழுந்தது.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிக்க வேண்டும். இது மூன்றாவது.

பூசை முடியும் நேரம். ராயபுரம் கோவிலில் ஒருவரும் அசையவில்லை. யாருக்கு யாரோடு கல்யாணம் என்று மூன்றாம் முறையும் கேட்காமல் போனால் மத்தியானச் சோறு எப்படி இறங்கும்?

மணப்பெண் ஜெனி முன்வரிசையில் இருந்தாள்.

அவளும் ஜூடியும் எம்.ஏ. ஆங்கிலம். ஒரே பஸ், ஒரே பெஞ்சு. ஜெனி மேல் ஜூடிக்கு இருந்தது வெறும் சிநேகமில்லை, காதல். அதைப் போய் யாரிடம் சொல்வாள்?

போன வாரம் பரீட்சைக்கு ஒரு விக்டோரியா காலத்து நாவல் படித்தார்கள். அதில் ஒருவன் கதாநாயகியை உயிராய் நேசிக்கிறான். அவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்ளும்வரை மூச்சு விடுவதில்லை. அவனைத் தியாகி என்று ஜூடி சொன்னாள்.

"வாய மூடிகினு இருந்ததுக்கு இன்னாடி தியாகம்? பயந்தாங்கொள்ளி!" என்று ஜெனி சிரித்தாள்.

ஜூடியும் சிரித்து வைத்தாள்.

இப்போது மைக்கின் முன்னால் மாப்பிள்ளையின் பெயரை வாசித்தாள். காலஞ்சென்ற யேசுதாசுக்கும் சிலுவையம்மாளுக்கும் மகன், வில்சன்.

அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

"ஜெனி நம்ம வூட்டுக்கே வரட்டும்மா" என்று அம்மாவின் காதில் ஓதியவளே ஜூடிதான். கைக்கு எட்டாதவள் கண்ணெதிரிலாவது இருப்பாளே என்ற நப்பாசை. அம்மா அழுது அடம்பிடித்ததில் வில்சனும் தலையாட்டிவிட்டான்.

கடைசி வரிக்கு வந்தாள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

நிமிர்ந்தாள். ஜெனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் மலர்ச்சி.

ஜூடிக்கு அழுகை முட்டியது. அவளுடைய காதலைத் தடை என்று எந்தச் சாமியாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

தடை வேறு. சாத்தாங்காட்டில் ஒரு வாடகை வீட்டில், வில்சனின் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு ராமசெல்வி இருக்கிறாள்.

ஜூடி தாளை மடித்தாள். இறங்கி வந்து ஜெனியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெனி ஆசையாக அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் வில்சனும் ராமசெல்வியும் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்தபோது, சாட்சிக் கையெழுத்துப் போட்ட கை.