இரும்பு மனிதனின் இடது கை

“நேத்து ராத்திரி குடிக்கப் போனீங்களா? போயிருந்தா சொல்லிடுங்க. நான் பிள்ளைங்களோட லூனாஸ்ல இருக்கிற அம்மா வீட்டுக்கே போயிடுறேன்,” என்றாள் இராசாத்தி. குரலில் கோபம்கூட இல்லை.

“திடல்ல படம்தான் பார்த்தேன்லா,” என்றான் குழந்தைவேலு. “கடல்லேருந்து பூதம் வருது. இரும்பு மனுசன் இடது கையால ஒரே குத்து. அருமை!”

பக்கத்து வீட்டு முருகையா சிரித்தார். “என்னா அருமை? தகர டப்பா சண்டைலா. அதுவும் குத்துனது வலது கை, தம்பி.”

“இடதுண்ணே! என் கண்ணால பார்த்தேன்.”

ரப்பர்த் தோட்டத்துத் திடலில் கட்டும் வெள்ளைத் திரையில் படம் இருபுறமும் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் வலது கை இடது கையாகிவிடும்.

“திரைக்குப் பின்னால சாராயம் விக்கிறவன்தானே உக்காந்திருப்பான்?” என்றாள் இராசாத்தி.

பிறகு பிள்ளைகளின் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள்.