மிதித்தால்தான் காற்று

வேலூரில் பகலில் மின்சாரம் கிடையாது என்றான பிறகு, வீட்டு சைக்கிளை மிதித்தால்தான் மின்விசிறி சுழலும். ஹாலில் தணிகைவேல் மிதித்துக்கொண்டிருந்தான். காற்றெல்லாம் படுக்கையறையில் இருந்த நிறைமாத மனைவி எழிலுக்கு. ஹேண்டில்பாரில் அவனுக்கென்று ஒரு குட்டி விசிறி உண்டு. அதைப் போட்டால் அவளுடையது மந்தமாகிவிடும் என்று தொடவேயில்லை. தாடையிலிருந்து சொட்டிய வியர்வை காலடியில் குளம் கட்டியது.

கால் தளர்ந்தது. உள்ளே விசிறிச் சத்தமும் தளர்ந்தது.

“ஏங்க, எனக்குக் குளிருது! போதும், நிறுத்துங்க.”

“நெசமாவா?”

“போர்வையே போத்திக்கிட்டேன். வேணும்னா வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தான். கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். அப்பாடா என்று, போர்வையைச் சரியாக இழுத்துவிடக் கை வைத்தான்.

போர்வை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.