கெண்டைக்கு ஒரு தொட்டி

"உங்க கடையில இருக்கிறதிலேயே பெரிய தொட்டி எது சார்? எனக்கு அது வேணும். இன்னிக்கே வேணும்."

ஓதகார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக வந்தவரைப் பார்த்தார். நாற்பது வயது, ஆஜானுபாகுவான உடம்பு, குளிரில் சிவந்து வெடித்த கைகள். முகம் மட்டும் இப்போதோ அப்போதோ அழுதுவிடும்போல இருந்தது.

தாபோர் ஊரில் முப்பது வருஷமாக மீன் தொட்டிக் கடை நடத்துகிறார் ஓதகார். பெரிய மீனை வீட்டில் வளர்க்கவே கூடாது என்பது அவர் கட்சி. அந்தப் பிடிவாதத்தில் அவர் விட்ட வியாபாரத்துக்குக் கணக்கே இல்லை.

"என்ன மீன் விடப் போறீங்க?"

"கெண்டை."

"நாளைக்கு ராத்திரி கிறிஸ்துமஸ் விருந்து. ஊரே கெண்டையை வாணலியில விடுது. நீங்க தொட்டியில விடப் போறீங்களா?"

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் வறுக்கத்தான் சார் கொண்டு போனேன். விருந்து வரைக்கும் உயிரோட இருக்கட்டும்னு எல்லாரையும் மாதிரி வீட்டுக் குளியல் தொட்டியில விட்டு வச்சேன். காலையில பல் தேய்க்கப் போனா தலையைத் தூக்கிப் பார்க்குது. கையில ரொட்டியை நீட்டினா வந்து வாங்கிக்குது. அதுக்கு ஒரு பேரும் வச்சுத் தொலைச்சுட்டேன். இனிமே அதை எப்படி சார் திங்கிறது?"

"வீட்ல பிள்ளைங்க அழுவுறாங்களாக்கும்?"

"அதுங்களா? எப்ப வறுப்பீங்கன்னு உயிரை வாங்குதுங்க. அழறது நான் ஒருத்தன்தான். எங்க வீட்டுக்காரி, 'சாயங்காலத்துக்குள்ள அது தொட்டியை விட்டுக் கிளம்பல, நானே கதையை முடிச்சிடுவேன்'னுட்டா. குளிச்சு மூணு நாளாச்சு சார், அவளும் பாவம்தான்."

ஓதகார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "தம்பி, சொல்றதைக் கேளுங்க. கெண்டை குளத்து மீன். இன்னிக்கு முழங்கை நீளம் இருக்கும், அப்புறம் உங்க கால் நீளம் வரும். மண்ணைக் கிளறும், செடியைப் பிடுங்கும், எந்நேரமும் தின்னுட்டே இருக்கும். இருபது வருஷம் ஆனாலும் கிளம்பாது."

"எங்க மச்சினனும் அப்படித்தான் சார். வச்சுக்கலையா?"

"விளையாடாதீங்க. இப்படித்தான் ஒருத்தர் விரல் நீளத்துல அமேசான் கெளுத்தி கேட்டார். நான் தர மாட்டேன்னேன். வேற எங்கயோ வாங்கிட்டார். இப்ப கூடம் முழுக்க அதோட தொட்டி. அவர் அடுக்களையில பாய் விரிச்சுப் படுக்கிறார்."

"அடுக்களை கதகதப்பாத்தானே சார் இருக்கும்."

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று ஓதகாருக்குப் பட்டது. "ஆத்துல கீத்துல விட்டுடாதீங்க. குளியலறையில கிடந்தது, அந்தக் குளிர்ல ஒரே நாள்ல செத்துடும். பேசாம வாங்கின இடத்துலேயே திருப்பிக் கொடுங்களேன்."

வந்தவர் பதறிப்போனார். "ஐயோ, அங்கயா? அந்தப் படுபாவி கையிலயா? ரெண்டு நிமிஷத்துல துண்டு போட்டுடுவான் சார்! அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஓதகார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். கடைக்கு வருகிறவர்கள் மீனின் நிறத்தைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள். ஒரு மீனுக்காகக் கண்ணீர் விட்டு யாரையும் அவர் பார்த்ததில்லை. இவர் பியானோ சொல்லிக்கொடுக்கிறவராக இருக்கலாம், இல்லை மழலையர் பள்ளி வாத்தியாராக இருக்கலாம். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத பிறவி என்று முடிவுகட்டினார்.

"தொட்டி தர மாட்டேன். ஆனா ஊருக்கு வெளியில எனக்கு ஒரு தோட்டம் இருக்கு. அதுல ஒரு குளம். நல்ல ஆழம், அடிவரைக்கும் உறையாது. உங்க மீனை அங்க விட்டுக்கலாம். குளியலறை ஜன்னலைத் திறந்து வச்சுத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குளிர வைங்க. சாயங்காலம் வண்டியை எடுத்துட்டு வரேன்."

வந்தவர் ஓதகாரின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சார்!" என்று விலாசத்தைச் சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

ஓதகாருக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி யார்மிலா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இந்த வருஷம் கெண்டை வாங்க நீங்க போங்க. எனக்கு உருளைக்கிழங்கு சாலட் வேலை தலைக்கு மேல கிடக்கு. சதுக்கத்து மீன் சந்தையிலேயே அடிச்சு, சுத்தம் பண்ணி வாங்கிட்டு வாங்க. உயிரோட கொண்டு வந்துட்டு, 'நீ அடி, நீ அடி'ன்னு என்னை விரட்டாதீங்க."

சதுக்கத்தில் உயிர்க் கெண்டைகள் நீந்தும் நீலத் தொட்டிகளுக்கு முன்னால் நீள வரிசை. ஓதகாருக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "கூட்டமா இருந்தாலும் இந்த ஆள்கிட்டதான் சார் வாங்கணும். எத்தனை வருஷமா பார்க்கறேன், ஒரே போடு. மீன் துள்ளாது," என்று சான்றிதழ் கொடுத்தாள்.

வரிசை நகர்ந்தது. அந்த அம்மாளும் பையை வாங்கிக்கொண்டு விலகினாள். ஓதகார் தலையை நீட்டி, "மூணு கிலோவுல ஒன்னு. அடிச்சுக் கொடுத்துடுங்க," என்றார்.

கழுத்துவரை ரப்பர் அங்கி, அதில் மேலிருந்து கீழ்வரை ரத்தம், வலது கையில் மரச் சம்மட்டி. இடது கையால் கெண்டையைப் பலகையில் அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்தவர், சற்று முன் கடையில் கண்ணீர் விட்ட அதே மனிதர்.

"சீக்கிரம் 'சரி'ன்னு சொல்லுங்க சார்," என்றார் அவர், மீனைப் பார்க்காமல் கெஞ்சலாக. "இதுக்கும் ஒரு பேர் தோணிடுச்சுன்னா, அப்புறம் எனக்குக் கை வராது!"