முன் சீட்டுக்கு ஆள்

"பிரேக் போடறதுக்கு முன்னாடி சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" பின் சீட்டிலிருந்து எரிந்து விழுந்தாள் சிந்துஜா.

"நாய் குறுக்க வந்துடுச்சுங்க. அதைப் பாக்குறதா, உங்ககிட்ட சொல்றதா?" என்றான் செம்பியன்.

இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள் அது. இரண்டு பேரின் பெடலையும் சங்கிலி பிணைத்திருப்பதால், முன்னால் இருப்பவர் கால் நின்றால் பின்னால் இருப்பவர் காலும் சட்டென்று நின்றுவிடும். சிந்துஜாவுக்குக் கண் தெரியாது. அதனால் பள்ளம், வளைவு, பிரேக் என்று எல்லாவற்றையும் அவன் முன்கூட்டியே வாயால் சொல்லியாக வேண்டும்.

கடலூரில் கிளம்பும்போதே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். "சிதம்பரம் போனதும் சரிப்படுமா, படாதான்னு சொல்லிடுவேன். போன வாரம் வந்தவரை ஆலப்பாக்கத்துலேர்ந்தே திருப்பிட்டேன்."

செம்பியனுக்கு எப்படியாவது அந்தச் 'சரி'யை வாங்கிவிட வேண்டும். ஆனால் புதுச்சத்திரத்தில், பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் "பள்ளம்!" என்றான்.

"அது எனக்கே தெரிஞ்சுடுச்சு. இடுப்பு சொல்லிடுச்சு!"

சிதம்பரம் கீழவீதியில் டீக்கடைக்காரர் செம்பியனிடம் கேட்டார். "அவுங்களுக்குச் சர்க்கரை போடலாமா?"

செம்பியனுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னை ஏன்ணே கேக்குறீங்க? அவுங்களையே கேளுங்க. வாய் நல்லாவே வேலை செய்யுது. வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு வர்றேன்!"

சிந்துஜா முதல்முறையாகச் சிரித்தாள். போனை எடுத்தாள்.

"அம்மா, இவரு சரிப்படுவாரு. சொஜ்ஜி, பஜ்ஜிக்கு ஏற்பாடு பண்ணு. ஞாயித்துக்கிழமை இவுங்க வீட்டுலேர்ந்து பொண்ணு பாக்க வரட்டும்."