துரைக்காக ஒரு லீவு

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி வந்து தையல் மெஷின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பாதி தைத்த கவுன்கள் தொங்கும் கம்பியிலேயே ஒரு குளுக்கோஸ் பாட்டிலும் தொங்குகிறது. அதன் குழாய் கீழே இறங்கி, வெட்டுத் துணிக் குவியலில் சுருண்டிருக்கும் கிழட்டு நாயின் முன்னங்காலில் முடிகிறது. ஒவ்வொரு சொட்டையும் ஓரக்கண்ணால் பார்த்தபடி தையல்காரி காஜா எடுக்கிறாள். கைகள் ஊசியோடு இருக்க, அவளுடைய வெறும் பாதம் நாயின் முதுகை மெல்ல வருடிக்கொண்டே இருக்கிறது. முன்பு வேலை பார்த்த கம்பெனியில், நாய்க்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டிருந்தால் சிரித்தே விரட்டியிருப்பார்கள். இங்கே முதலாளியும் அவள்தான், தொழிலாளியும் அவள்தான். டாக்டர் எழுதிய மருந்தை யாரிடமும் கை நீட்டாமல் அன்றைக்கே வாங்கி வந்துவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. சட்டை தைக்கக் கொடுத்திருந்த பெண் உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

"அக்கா, என் சட்டை முடிஞ்சுதா?"

"நாளைக்கு வாம்மா. துரைக்கு ரொம்ப முடியல. நேத்துல இருந்து கண்ணே தொறக்கல. அவனுக்காக எனக்கு நானே லீவு குடுத்துட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு காஜா மட்டும் எடுக்கறேன்."

துணிக் குவியல் அசைகிறது. துரை தலையைத் தூக்கி, வாசலில் நிற்கும் புது முகத்தைப் பார்த்து, கரகரத்த குரலில் ஒரே ஒரு தடவை குரைக்கிறது.

"ஐயோ, கடிக்குமா அக்கா?" அந்தப் பெண் பின்வாங்குகிறாள்.

தையல்காரி ஊசியை அப்படியே விட்டுவிட்டு, கண் கலங்கச் சிரிக்கிறாள்.

"கடிக்கட்டும்மா! கடிச்சா உன் சட்டைக்குக் கூலியே வேண்டாம்."